மண் அச்சு விட்ட தடம்: 1/35 டி-34-85 டரெட் ஒன்றின் மேற்பரப்பு

1/35 அளவு பிளாஸ்டிக் டாங்கி மாடலுக்காகச் செய்த முதல் டரெட்டுக்கு, அதாவது பீரங்கி பொருந்திய மேல் கோபுரத்துக்கு, பச்சை அடித்து முடித்த இரவு, மேசை விளக்கைத் தாழ்த்தி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். வார்த்த எஃகு தெரியவில்லை. பலாப்பழத் தோலை வெட்டி ஒட்டியதுபோல் முள்முள்ளாக ஒரு பச்சைக் குமிழ்தான் தெரிந்தது. மூன்று வாரம் வேலை செய்திருந்தேன். அளவுகள் சரி, பாகங்கள் சரி, நிறமும் ஓரளவு சரி. மேற்பரப்பு மட்டும் பொய் சொன்னது. அது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் பொம்மையாக்கிவிட்டது.

அதே கிட்டுக்கு நண்பரிடம் உபரியாக இருந்த இன்னொரு டரெட்டை வாங்கி மறுபடி செய்தேன். ஒரே பிளாஸ்டிக், ஒரே பெயிண்ட், ஒரே கை. முதலாவது ஏன் கெட்டது, இரண்டாவது ஏன் தேறியது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். வேறு டாங்கி செய்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

அசல் எப்படி உருவானது

நான் எடுத்துக்கொண்டது 1944-ல் நிஷ்னி டாகில் ஆலையில் கட்டப்பட்ட டி-34-85 என்ற சோவியத் டாங்கி. கார்கிவ் நகரிலிருந்த 183-ஆம் எண் ஆலையை, ஜெர்மன் படை நெருங்கியபோது, 1941 இலையுதிர் காலத்தில் ரயிலேற்றி யூரல் மலைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கிருந்த ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குள்ளேயே புது உற்பத்தி வரிசை அமைந்தது. அந்த டிசம்பரிலேயே டாங்கிகள் வெளிவரத் தொடங்கின. பின்னாளில் டி-72 உருவானதும் இதே டாகிலில்தான். அந்த டி-72-ஐத்தான் நம் ஆவடியில் உரிமம் பெற்று அஜேயா என்ற பெயரில் கட்டினார்கள்.

டி-34-85-இல் இரண்டு வகை எஃகு அருகருகே இருக்கிறது. ஹல், அதாவது டரெட்டுக்குக் கீழே உள்ள உடல், உருட்டுத் தகடு, 45 மி.மீ. தடிமன். தகடுகளை வெட்டி, சாய்த்து வைத்து, வெல்டிங் செய்திருக்கிறார்கள். டரெட் மண் அச்சில் வார்த்தது. முன்புறம் 90 மி.மீ., பக்கங்கள் 75 மி.மீ. அதன் கூரை மட்டும் தனித் தகடு, மேலே வைத்து வெல்டிங் செய்தது. ஆக ஒரே வண்டியில் வார்ப்பு, உருட்டுத் தகடு, வெல்டிங் என்று மூன்று விதமான உற்பத்தித் தடங்கள் இருக்கின்றன. இதைக் கவனிக்காமல் வண்டி முழுவதும் ஒரே பிரஷ்ஷால் குத்திக்கொண்டே போகும் மாடல்களை நிறையப் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எந்த ஆலை, எந்த ஆண்டு என்று பார்ப்பது வெறும் ஆராய்ச்சி ஆசை அல்ல. முந்தைய டி-34-76-க்கு ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் யூரல்மாஷ் ஆலை 1942-ல் டரெட்டுகள் சிலவற்றை வார்க்கவில்லை. 10,000 டன் பிரஸ்ஸில் வைத்துத் தகட்டை அழுத்தி எடுத்தது. அந்த டரெட் மழமழவென்று இருக்கும். அதன்மேல் வார்ப்புச் சொரசொரப்பு போட்டால், எவ்வளவு அழகாகப் போட்டாலும் தப்பு. ஜெர்மன் டாங்கிகளின் சிம்மரிட் கதையே வேறு. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை அவர்கள் பூசிய பசை அது. வரிவரியாக, கட்டம்கட்டமாகக் கையால் இழுத்த பூச்சு. அதை மாடலில் செய்யும்போது நாமும் பூசலாம். வார்ப்பு அப்படியல்ல. அது எஃகு உறைந்தபோதே வந்த முகம்.

கொரியப் போரில் பிடிபட்ட டி-34-85 ஒன்றை அமெரிக்கப் பொறியாளர்கள் பிரித்துப்போட்டு ஆராய்ந்தார்கள். வெளிப்பக்கம் கரடுமுரடு, வேலை செய்யவேண்டிய இடங்களில் மட்டும் சுத்தமான கடைசல் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. இந்த ஒரு தகவல் எனக்குப் பெரிய வழிகாட்டி. வெளியே கரடாக விட்டது அலட்சியத்தால் அல்ல. எங்கே நேரம் செலவழிக்கவேண்டும், எங்கே வேண்டாம் என்று போர்க்காலத்தில் எடுத்த முடிவு அது. மாடலில் அந்த முடிவு தெரிய வேண்டும்.

முதல் டரெட்டில் நடந்தது

ஹார்டுவேர் கடையில் கார் பெயிண்ட் வேலைக்கு விற்கும் என்.சி. பட்டி வாங்கினேன். அதே கடையின் என்.சி. தின்னரில் தயிர் பதத்துக்குக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் டரெட் முழுவதும் குத்திக் குத்திப் பூசினேன். காய்ந்ததும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நன்றாகத் தெரிந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

பிறகு வெர்னியர் வைத்து அளந்தேன். பூசாத இடத்துக்கும் பூசிய இடத்தின் உச்சிக்கும் வித்தியாசம் பல இடங்களில் 0.3 மி.மீ., சில இடங்களில் 0.4. 35-ஆல் பெருக்கினால் அசலில் 10 முதல் 14 மி.மீ. சுண்டுவிரல் பருமனுக்குக் கட்டிகள். அப்படி ஒரு டரெட் எந்த வார்ப்பாலையின் வாசலையும் தாண்டியிருக்காது.

அதோடு தின்னர் தன் வேலையையும் காட்டியிருந்தது. என்.சி. தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்னும். டரெட்டைத் தூக்குவதற்கான கொக்கிகளின் ஓரமும், பக்கவாட்டில் இருக்கும் துப்பாக்கித் துளை மூடியின் வளையமும் கரைந்து மழுங்கிவிட்டன. கரடாக இருக்கவேண்டிய இடமும் கூர்மையாக இருக்கவேண்டிய இடமும் ஒன்றாகிப்போயின. பட்டி மேல் எனக்குக் குறையில்லை. பள்ளம் நிரப்ப அது நல்ல பொருள். பிளாஸ்டிக்கின் மேல் அந்தத் தின்னரோடு அதைக் கொட்டியதுதான் தவறு.

பம்ப் உடலைத் தொட்டுப் பார்த்தது

கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு வார்ப்பு என்பது தெருமுனைச் சங்கதி. உறவினர் ஒருவரின் சின்ன பவுண்டரிக்குப் போனேன். அன்று 5 எச்.பி. பம்ப்பின் வெளிக்கூட்டை அச்சிலிருந்து உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே முப்பது வருடத்துக்கு மேல் மோல்டராக இருக்கும் பெரியவர் ஒருவரிடம் என் டரெட்டைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரலால் தடவினார்.

"தம்பி, எல்லா எடமும் ஒரே மாதிரி சொரசொரன்னு இருந்தா அது வார்ப்பு இல்லீங்க. யாரோ பூசுனது."

பிறகு என் விரலைப் பிடித்து பம்ப்பின் மேல் வைத்து நகர்த்தினார். தட்டையான பக்கம் எதிர்பார்த்ததைவிட வழுவழுப்பு; மேல் ஊதிய தூசிபோல ஒரு நுண்ணிய மணல் உணர்வு மட்டும். மேல் பெட்டியும் கீழ் பெட்டியும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு ஓடுகிறது. பாதித் தூரம் கிரைண்டர் அதைத் தின்றுவிட்டது, மீதியில் அப்படியே நிற்கிறது. ரைசரை, அதாவது உருகிய உலோகம் கூடுதலாக நின்று உறைந்த கொம்பை, வெட்டிய இடம் உழுத நிலம்போல் ஒரே திசையில் கோடுகள். உள்வளைந்த மூலைக்கு வந்தபோதுதான் விரல் உண்மையிலேயே உரசியது. இரண்டு பக்கத்திலிருந்தும் சூடு பட்டு, மணல் உருகி உலோகத்தோடு ஒட்டியிருந்தது, கருப்பாக, கண்ணாடிபோல. சம்மட்டியால் தட்டினாலும் அது முழுசாக உதிராது என்றார்.

பம்ப் வார்ப்பிரும்பு. டாங்கி டரெட் எஃகு. எஃகை ஊற்றும்போது சூடு 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், வார்ப்பிரும்பைவிட நன்றாக அதிகம். அதனால் மணல் எரிந்து ஒட்டுவதும் அதிகம். ஆனால் எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. அந்த அரை மணி நேரத்தில் கற்றது, முன்பு நான் பார்த்திருந்த நூறு புகைப்படங்கள் சொல்லாதது. புகைப்படங்களில் சொரசொரப்பு இருப்பது தெரியும். அது ஏன் அந்த இடத்தில் என்பது தெரியாது.

தூரக் கணக்கு

வீட்டுக்கு வந்து இன்னொரு கணக்கும் போட்டேன். மாடலை நாம் சாதாரணமாக 35 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கிறோம். 1/35 அளவில் அது அசல் டாங்கியிலிருந்து 12.25 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 12 மீட்டர் தூரத்தில் அது சுமார் 3.5 மி.மீ. அதாவது அந்தத் தூரத்திலிருந்து 2, 3 மி.மீ. மணல் தடத்தைத் தனித்தனியாக எண்ண முடியாது. தெரிவதெல்லாம் வெளிச்சம் வழுக்கி ஓடாமல் சற்றே சிதறி மங்குவது மட்டும்தான். பக்கத்திலிருக்கும் ஹல் தகட்டில் அதே வெளிச்சம் பட்டையாக ஓடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் "இது வார்ப்பு" என்று மூளைக்குச் சொல்கிறது.

2.5 மி.மீ. தடம் 1/35-இல் 0.07 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். பிரைமர், நிறம், வார்னிஷ் எல்லாம் சேர்ந்தால் அதுவே அந்த அளவை நெருங்கிவிடும். எனவே பெயிண்ட் விழுங்கும் பங்கை ஈடுகட்ட, கணக்கைவிடச் சற்று ஆழமாகத்தான் செய்ய வேண்டும். அந்தச் 'சற்று' ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டேன். முதல் டரெட்டில் நான்கைந்து மடங்கு போயிருந்தேன்.

இரண்டாவது டரெட்

இந்த முறை எதையும் மேலே ஏற்றவில்லை, பிளாஸ்டிக்கையே இளக்கினேன். டாமியா எக்ஸ்ட்ரா தின் பசையைக் கட்டைவிரல் நகம் அளவு பரப்பில் தடவி, அரை நிமிடம் போல விட்டால் மேல் தோல் மட்டும் மெழுகுபோல் இளகும். முடியைக் கட்டையாக வெட்டிய பன்றிமுடிப் பிரஷ்ஷை அப்போது நேர்செங்குத்தாக ஒற்றி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் கோடு விழும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் பிரஷ்ஷைக் கொஞ்சம் சுழற்றினேன், ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழாமல் இருக்க. ஒரு பரப்பு முடிந்ததும் அடுத்த பக்கத்துக்குத் தாவி, முந்தையது காய இடம் கொடுத்தேன். டரெட் முழுக்கவும் இந்தச் சுற்று ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிட்டது.

அடுத்து மிஸ்டர் சர்ஃபேஸர் 500 என்ற கெட்டியான பிரைமர். பெரியவர் காட்டிய கணக்குப்படி, அது எல்லா இடத்துக்கும் போகவில்லை. பீரங்கி நுழையும் வாயைச் சுற்றிய உள்வளைவுகள், டரெட்டின் பின்பக்க அடிப்பகுதி, துப்பாக்கித் துளை மூடிக்குக் கீழே உள்ள பள்ளம், இவ்வளவுதான். புட்டியின் அடியில் தங்கும் கெட்டிப் பாகத்தைத் தொட்டு, புள்ளி புள்ளியாக இரண்டு தடவை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு 600 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. முதலில் மனசு கேட்கவில்லை. ஆனால் உச்சிகள் போனபின் மிஞ்சும் குழிகளும் தட்டைகளும்தான் வார்ப்பின் உண்மையான அமைப்பு. புடைத்து நிற்கும் முத்துகள் அல்ல.

பம்ப்பில் பார்த்த வரப்புக்கு, அதாவது பெட்டிகள் சேரும் அச்சுப் பிரிகோட்டுக்கு, மாஸ்க்கிங் டேப் இரண்டு பட்டைகளை 0.4 மி.மீ. இடைவெளி விட்டு டரெட் பக்கத்தில் ஒட்டி, நடுவில் அதே சர்ஃபேஸரை நிரப்பி, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்தேன். அசலில் 14 மி.மீ. வரப்பு. காய்ந்ததும் பாதி நீளத்துக்கு அரத்தால் கிட்டத்தட்ட மட்டமாக்கினேன், மீதியை விட்டுவிட்டேன். கிரைண்டர் பிடித்தவர் எங்கே நிறுத்தினார் என்பது தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அரம் போன திசைக்குக் குறுக்கே கத்தி முனையால் நாலைந்து கீறல். ரைசர் வெட்டிய இடமாக ஒரு திட்டைத் தேர்ந்து, புதுப் பிளேடால் ஒரே திசையில் நெருக்கமாகக் கோடுகள் இழுத்தேன்.

வார்ப்பு எண்களுக்கு, பழைய கிட்டுகளில் பாகங்களைத் தாங்கும் ஸ்ப்ரூ சட்டத்தில் புடைத்திருக்கும் எழுத்துகளைச் சீவி எடுத்து ஒட்டினேன். காகிதத்தைவிட மெல்லிதாகச் சீவ வேண்டும். ஐந்தில் இரண்டு காணாமல் போகும். பொறுமைதான் வழி.

கூரையில் ஒரு ஒற்றலும் கிடையாது, அது உருட்டுத் தகடு. அந்தத் தகடும் வார்ப்பும் சேரும் வரம்பில்தான் வெல்டிங் கோடு. ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சூட்டில் 0.5 மி.மீ. இழையாக இழுத்து, ஒட்டி, பசையில் ஊறவிட்டு, மழுங்கிய கத்தி முனையால் அழுத்தி அழுத்திப் பதித்தேன். எம்-சீல் போன்ற எபாக்சியை உருட்டியும் செய்யலாம் என்பார்கள். முயன்று பார்த்தேன், அதன் துகள் இந்த அளவுக்குப் பெரிது, ஓரம் பிசிறடிக்கிறது.

ஹல்லின் வெல்டிங் கோடுகளில் திருத்தியது

இங்கே ஒரு தவறு நேரவிருந்தது. டரெட்டில் வெல்டிங் கோடு நன்றாக வந்த உற்சாகத்தில், ஹல்லின் நீளமான இணைப்புகளிலும் அதே மீன்செதில் வடிவத்தைப் பதிக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கம் முடிந்தபின்தான் வெல்டிங் விஞ்ஞானி யெவ்கேனி பாட்டனின் நினைவு வந்தது. கீவ் நகரில் இருந்த அவருடைய வெல்டிங் ஆய்வுக்கூடமும் 1941-ல் டாகிலுக்கே இடம்பெயர்ந்தது. கொட்டிய தூளுக்கு அடியில் மின்வில் எரிய, இயந்திரமே சீரான வேகத்தில் நகர்ந்து பற்றவைக்கும் முறையை அங்கே டாங்கி ஹல்களுக்குக் கொண்டுவந்தார்கள். தேர்ந்த வெல்டர்கள் போதாத காலம். சில நாள் பயிற்சி பெற்ற பெண்களும் இளைஞர்களும் அந்த இயந்திரத்தை ஓட்டினார்கள்.

அந்த முறையில் வரும் கோடு அகலமாக, சீராக, அலை தெரியாமல் இருக்கும். கையால் போட்டது குறுகிய மூலைகளிலும் எட்டாத இடங்களிலும்தான். எனவே நீள இணைப்புகளில் பதித்த செதில்களை 1000 நம்பர் தாளால் தேய்த்து மழுக்கினேன். மூலைகளில் மட்டும் விட்டேன். இந்தச் சின்ன மாற்றம் வண்டியின் மொத்த முகத்தையே மாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன். இயந்திரம் போன இடம், மனிதக் கை போன இடம் இரண்டும் பிரிந்து தெரிந்தன. தகடுகளின் வெட்டு ஓரங்களில் மட்டும், காஸ் கட்டிங்கின் தடமாக, செங்குத்தாக மிக நுண்ணிய கீறல்கள். தகட்டின் பரப்பில் வேறு எதுவும் செய்யவில்லை.

பெயிண்ட்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காத்திருக்க முடியாமல் பிரைமரை ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். காற்றின் ஈரம் லாக்கரில் படிந்து, டரெட்டின் வலப்பக்கம் வெள்ளைப் பனி பூத்ததுபோல் ஆனது. தொட்டால் மாவுபோல் ஒரு பொடி உணர்வு. மேற்பரப்பு வேலையில் இது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அந்தப் பொடியும் ஒரு சொரசொரப்பு; உண்மையானதை மூடிக்கொண்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்தை மட்டும் நுண்தாளால் துடைத்து, மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் சேர்ந்த லெவலிங் தின்னரில் கலந்து, வெயில் வந்த நாளில் மறுபடி அடித்தேன். மெல்லிய மூன்று படலம். அதன்மேல் சோவியத் 4பிஓ பச்சை, அதுவும் இரண்டே படலம்.

கடைசியில் வரும் சபலம் உலர்பிரஷ். வெளிர்நிறத்தைத் தொட்டு உச்சிகளில் தேய்த்தால் சொரசொரப்பு பளிச்சென்று எழும். முதல் டரெட்டை முழுசாகக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு. இம்முறை அதைத் தொடவே இல்லை. கரும்பழுப்பு ஆயில் பெயிண்ட்டை மிகவும் நீர்த்து, சர்ஃபேஸர் போட்ட உள்வளைவுகளில் மட்டும் ஓடவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தேன். மற்றதை வெளிச்சத்திடம் விட்டேன்.

அருகருகே வைத்தபோது

இரண்டு டரெட்டுகளையும் ஒரே ஹல்லில் மாற்றி மாற்றி வைத்து, கைப்பேசி டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தேன். நிறம் போய்விட்டால் மேற்பரப்பு ஒளிய இடமில்லை. பத்து செ.மீ. தூரத்தில் முதல் டரெட்தான் கண்ணை இழுத்தது. அதிகம் வேலை செய்ததுபோல் தெரிந்ததும் அதுதான். 35 செ.மீ. தள்ளிப் போனதும் அது சின்னதாகிவிட்டது. அளவு சுருங்கி, பொம்மை வண்டியின் தலையை 1/35 உடலில் வைத்ததுபோல் இருந்தது. இரண்டாவது அங்கே கனத்தது. ஹல்லில் வெளிச்சம் பட்டையாக ஓடி, டரெட்டில் ஏறியதும் சிதறி அமுங்கியது. மூலைகள் இருண்டன. பிரிகோடு ஓடிவந்து பாதியில் மறைந்தது.

பவுண்டரிப் பெரியவரிடம் மறுபடி கொண்டுபோனேன். அதே கட்டைவிரல். பக்கத்தைத் தடவி, முன்னால் போய், பீரங்கி வாயின் மூலையில் நின்றது. "இங்கெ மண்ணு நல்லாவே எரிஞ்சிருக்குதுங்க" என்றார். பிறகு இடப்பக்கம் திருப்பி, பிரிகோட்டில் நகத்தை வைத்தார். "இது மட்டும் ரொம்ப நேராப் போகுது தம்பி. பெட்டி ரெண்டும் அத்தனை நேரா உக்காராது, ஒரு நூலாவது வெலகும்."

சொன்னது சரி. டேப்பின் நேர்க்கோடு அப்படியே பதிந்திருக்கிறது. வலப்பக்கம் அரம் அதிகம் ஓடியதால் தப்பித்தது, இடப்பக்கம் தப்பவில்லை. டரெட்டைக் கழற்றி, அந்த இரண்டு செ.மீ. நீளத்துக்கு மட்டும் பெயிண்ட்டை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, டேப்பை நடுவில் வெட்டி, பின் பாதியை ஒரு முடியளவு கீழே இறக்கி ஒட்ட வேண்டும்.